சர், சார், சேர்

சர் சி. வி. ராமன் என்று புத்தகத்தில் எழுதுகிறோம். அவரிடம் படித்தவர்கள் வகுப்பில் எழுந்து நின்று அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்தான்; எழுத்திலும் வித்தியாசம் இல்லை. தமிழ்நாட்டுத் தமிழ் மட்டும் அதை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. அரசர் கொடுத்த பட்டத்துக்குக் குறில் போட்டுச் 'சர்', அன்றாடம் அழைக்கும் அழைப்புக்கு நெடில் போட்டுச் 'சார்'. இலங்கைத் தமிழர் இப்படிப் பிரிக்கவில்லை. அங்கே சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவரும் சேர்தான்.

இந்தப் பிரிவை யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள். அச்சில் வந்ததைப் படித்தவர்கள் ஒரு விதமாகவும், காதில் கேட்டதைப் பேசியவர்கள் வேறு விதமாகவும் எழுதியதில் வந்த வேறுபாடாக இருக்கலாம். ஆனாலும் அது பொருத்தமாக அமைந்துவிட்டது. பட்டம் மேலேயிருந்து வருகிறது. வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அழைப்பு எதிரில் நிற்பவர் வாயிலிருந்து வருகிறது. அதைக் கேட்டு வாங்கவும் முடியாது, திருப்பித் தரவும் முடியாது. இந்த இரண்டின் கதையும் வேறுவேறு. அதிலும் இரண்டாவது, தமிழுக்குள் வந்தபின் ஆங்கிலத்தில் ஒருநாளும் செய்யாத ஒரு வேலையைச் செய்யத் தொடங்கியது என்பதே என் எண்ணம்.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. அங்கே 'செனெக்ஸ்' என்றால் முதியவர். அதிலிருந்து வந்த 'சீனியர்' என்பதற்கு இன்னும் மூத்தவர் என்று பொருள். அலுவலகத்தில் 'அவர் எனக்கு ரெண்டு வருஷம் சீனியர்' என்கிறோமே, அதே சொல்தான். ஸ்பானியரின் 'சென்யோர்', இத்தாலியரின் 'சின்யோரே', பிரெஞ்சுக்காரரின் 'மொசியே' எல்லாம் இதன் பிள்ளைகள். பிரெஞ்சில் 'சீர்' என்று குறுகி, நார்மானியர் ஆட்சிக்குப்பின் ஆங்கிலத்தில் நுழைந்தது. 13ஆம் நூற்றாண்டு முடிவதற்குள், பெயருக்கு முன்னால் அழுத்தமில்லாமல் சொல்லிச் சொல்லித் தேய்ந்து 'சர்' ஆனது. வயதைக் குறித்த சொல் அதிகாரத்தைக் குறிக்கத் தொடங்குவதில் புதுமை ஒன்றும் இல்லை. நம் ஊர்ப் 'பெரியவர்' என்ற சொல்லிலும் வயது எங்கே முடிகிறது, செல்வாக்கு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

ஆங்கிலத்துக்குள் வந்தபின் அது பலருக்கும் ஒட்டிக்கொண்டது. குதிரைவீரப் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமல்ல, ஒரு காலத்தில் சாதாரணப் பாதிரியார்களுக்கும் 'சர்' உண்டு. ஷேக்ஸ்பியரின் 'வின்ட்சரின் குறும்புக்கார மனைவியர்' நாடகத்தில் வரும் சர் ஹியூ எவன்ஸ் வாள் பிடித்தவர் அல்ல, வேல்ஸ் நாட்டுப் பாதிரி. வேலைக்காரர்களையும் சிறுவர்களையும் அதட்டிக் கூப்பிட 16ஆம் நூற்றாண்டில் அதே சொல்லிலிருந்து 'சர்ரா' என்று ஒன்றை உருவாக்கிக்கொண்டார்கள். ஏறக்குறைய நம்முடைய 'அடேய்'. இன்று கடுகடுத்த முகக்காரரைக் குறிக்கும் 'சர்லி' என்ற ஆங்கிலச் சொல்லும் இதிலிருந்து பிறந்ததே. முதலில் அதற்குப் 'பிரபு போல நடந்துகொள்பவர்' என்று பொருள். அந்தப் பிரபுக்களிடம் வேலை பார்த்தவர்கள்தான் அந்தப் பொருளை மாற்றியிருக்க வேண்டும்.

பட்டத்தைப் பொறுத்தவரை ஆங்கிலேயர் கறாரான விதி ஒன்று வைத்திருக்கிறார்கள். 'சர்' என்பது சொந்தப் பெயரோடுதான் சேரும், குடும்பப் பெயரோடு மட்டும் சேராது. சர் ஐசக் என்று சொல்லலாம், சர் ஐசக் நியூட்டன் என்றும் சொல்லலாம். சர் நியூட்டன் என்றால் தப்பு. குடும்பப் பெயர்கள் ஊன்றுவதற்கு முன்பே தோன்றிய வழக்கம் என்பதால் இப்படி. பிரிட்டிஷ் முடியைத் தலைமையாக ஏற்காத நாட்டுக் குடிமக்களுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தாலும் 'சர்' போட்டுக்கொள்ளும் உரிமை கிடையாது. 2005இல் அப்படிப் பட்டம் பெற்ற பில் கேட்ஸ் வெறும் பில் கேட்ஸ்தான். பெண்களுக்கு 'டேம்'. பிரிட்டிஷ் பேரரசு விருது வரிசை 1917இல் தொடங்கப்பட்டபோதுதான் அதற்குத் தாராளமாக வழி பிறந்தது. சர் பட்டம் வாங்கியவரின் மனைவி 'லேடி' ஆகிவிடுவார். டேம் பட்டம் வாங்கியவரின் கணவருக்கு ஒன்றும் கிடையாது. ஆணின் மரியாதை மனைவிக்கும் பாய்கிறது, பெண்ணின் மரியாதை அவரோடு நின்றுவிடுகிறது.

இவ்வளவு விதிகள் இருந்தும் மரியாதைக்கு விலைப்பட்டியலும் இருந்தது. 1611இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 'பாரனெட்' என்ற புதுப் பட்டத்தைத் தொடங்கினார். தலைமுறை தலைமுறையாகப் பெயருக்குமுன் 'சர்' போட்டுக்கொள்ளலாம். விலை 1,095 பவுண்டு. இந்த விசித்திரமான தொகைக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியை அடக்கிவைக்க 30 படைவீரர்களை மூன்று ஆண்டுகளுக்குப் பராமரிக்கும் செலவு அது. ஒரு வீரருக்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ். 30 பேருக்கு 240 பென்ஸ். அன்றைய கணக்கில் அது சரியாக ஒரு பவுண்டு. மூன்று ஆண்டுகளுக்கு 1,095 நாட்கள். ஒரு நாட்டு மக்களை ஒடுக்க ஆன செலவை ரசீது போட்டு வாங்கி, கொடுத்தவருக்குக் 'கனவான்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

அவர் மகன் முதலாம் சார்லஸ் ஒரு படி மேலே போனார். ஆண்டுக்கு 40 பவுண்டு நில வருமானம் உள்ளவர்கள் முடிசூட்டு விழாவுக்கு வந்து பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்று ஒரு பழைய வழக்கத்தைத் தூசி தட்டி எடுத்து, 1630 முதல், வராதவர்களுக்கெல்லாம் அபராதம் போட்டார். நாடாளுமன்றத்தைக் கூட்டாமல் ஆண்ட அவருக்குப் பணம் தேவைப்பட்டது. ஒன்றரை லட்சம் பவுண்டுக்குமேல் வசூலானது. மரியாதையை வாங்க ஒரு விலை, வாங்காமலிருக்க ஒரு விலை. 1641இல் நாடாளுமன்றம் இதை ஒழித்தது. முந்நூறு ஆண்டுகள் கழித்தும் வியாபாரம் ஓயவில்லை. லாயிட் ஜார்ஜ் பிரதமராக இருந்த காலத்தில் ஒரு சர் பட்டம் 10,000 பவுண்டு என்று லண்டன் முழுக்கப் பேச்சு. அதற்காகவே 1925இல் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் 1933இல் தண்டனை பெற்றவர் மான்டி கிரெகரி என்ற தரகர்.

பட்டம் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தபோது அதைச் சுற்றி ஓர் ஆட்சிமுறையே கட்டப்பட்டது. 1861இல் 'இந்திய நட்சத்திரம்', 1878இல் 'இந்தியப் பேரரசு' என விருது வரிசைகள் உருவாயின. அதற்கு முன்பே இங்கு மரியாதைக்குப் பஞ்சம் இல்லை என்பது வேறு விஷயம். சென்னை மாகாணத்து ஆங்கில ஆவணங்களிலேயே ஓர் இந்திய அதிகாரியின் பெயருக்குமுன் மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கமாக 'எம்.ஆர்.ஆர்.ஒய்.' என்று போட்டு, பெயருக்குப்பின் 'அவர்கள்' என்பதையும் ரோமன் எழுத்தில் எழுதி வைத்தார்கள். ஒரு தாசில்தாருக்கே இத்தனை. இதையும் தாண்டி மேலே உட்கார வேண்டிய பட்டம் என்பதால் 'சர்' மீது இன்னும் மோகம் கூடியது. இலங்கையில் முத்து குமாரசுவாமிக்கு 1874இலேயே அது கிடைத்துவிட்டது. கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தை அவர். சென்னையில் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் 'சர்' ஆனார். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் இருக்கும் கல்லூரி இன்றும் சர் தியாகராயா கல்லூரிதான். தியாகராய நகர் 'தி.நகர்' ஆகும்போது சர் மட்டும் இல்லை, தியாகராயரே ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டார்.

திருப்பிக் கொடுத்தவர்களில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் தாகூர். 1915இல் பெற்ற பட்டத்தை ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப்பின் 1919 மே இறுதியில் வைஸ்ராய் செம்ஸ்போர்டுக்குக் கடிதம் எழுதி விலக்கிக்கொண்டார். அவருக்கு ஓராண்டு முன்பே நம் ஊர்க்காரர் ஒருவர் அதைச் செய்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. மதுரையில் 1842இல் பிறந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, சில தடவை பொறுப்புத் தலைமை நீதிபதி. அன்னி பெசன்டின் சுயாட்சி இயக்கத்தில் அவருடன் நின்றவர். 1917இல் பெசன்ட் காவலில் வைக்கப்பட்டபோது, இந்தியாவின் நிலையை விளக்கி அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அரசு நேர்வழியில் போக விடாது என்று ஆள் மூலம் கடல் கடத்தப்பட்ட கடிதம் அது. விஷயம் வெளிவந்ததும் இந்தியாவுக்கான அமைச்சர் மான்டேகு கண்டிக்க, பெரியவர் 1918இல் 'சர்' பட்டத்தையும் 'திவான் பகதூர்' பட்டத்தையும் சேர்த்துத் திருப்பிவிட்டார். வயது 75க்கு மேல். இதற்கு நேர்மாறாக, அதே ஜாலியன்வாலாபாக்கை முன்னிட்டு வைஸ்ராயின் நிர்வாக சபையிலிருந்தே விலகிய சங்கரன் நாயர், பதவியைத்தான் உதறினார். 'சர்' அவரிடமே இருந்தது. இதில் யார் உயர்ந்தவர் என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. பதவி வேறு, பட்டம் வேறு என்று அவர்கள் தெளிவாகக் கணக்குப் போட்டார்கள் என்பதே கவனிக்க வேண்டியது.

குடியரசானபின் அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு கதவை மூடியது. ராணுவ, கல்வித் தகுதிகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக் கூடாது. வெளிநாட்டுப் பட்டத்தைக் குடிமக்கள் ஏற்கக் கூடாது. 1931இல் 'சர்' பெற்றிருந்த ராதாகிருஷ்ணன் சுதந்திரத்துக்குப்பின் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. 'டாக்டர்' போதும் என்றிருந்தார். பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் பட்டங்கள் ஆகாவா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 1995இல் தீர்ப்பு வந்தது: விருது சரி, ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளக் கூடாது. நம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களுக்கு அந்தத் தீர்ப்பின் நகல் இன்னும் போய்ச் சேரவில்லை. 'சர்' என்பது இன்று தமிழில் பாடப்புத்தகத்தில், கல்லூரிப் பெயரில், பிறகு கிரிக்கெட்டில் மட்டும் வாழ்கிறது. ரவீந்திர ஜடேஜாவை 2013இல் தோனி 'சர்' ஆக்கியதற்கு எந்த அரசரின் வாளும் தேவைப்படவில்லை.

இனி 'சார்'.

ஆங்கிலத்தில் அழைப்புச் சொல்லாக அது ஏன் தேவைப்பட்டது என்று பார்த்தால் இலக்கணம் கொஞ்சம் உதவும். ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் நீ, நீங்கள் இரண்டும் இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் 'நீ' மெல்ல மறைந்து எல்லாருக்கும் 'நீங்கள்' ஆகிவிட்டது. இதை எதிர்த்து முரண்டு பிடித்தவர்கள் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர். கடவுள் முன் எல்லாரும் சமம் என்பதால் நீதிபதியையும் 'நீ' என்பார்கள், யாருக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள், 'சர்' சொல்ல மாட்டார்கள். அடியும் சிறையும் வாங்கினார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் பென் தன் புகழ்பெற்ற நூலை எழுதியதே லண்டன் கோபுரச் சிறையில்தான். அவர்கள் தோற்றார்கள். ஆனால் 'நீ' போனபின் ஆங்கிலத்தின் வினைச்சொல்லில் மரியாதையைக் காட்ட இடமில்லாமல் போயிற்று. 'உட்கார்' என்பதற்கும் 'உட்காருங்கள்' என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வடிவம். அந்த 'ங்கள்' செய்ய வேண்டிய வேலையை வாக்கியத்துக்கு வெளியே நிற்கும் 'சர்' செய்தது. அதே சொல்லை வைத்து அறையவும் முடிந்தது. பாஸ்வெல் எழுதிய சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஜான்சன் 'சர்' என்று ஆரம்பித்தால் எதிராளி ஒழிந்தார் என்று அர்த்தம்.

1960இல் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் ஐரோப்பிய மொழிகளின் நீ–நீங்கள் வழக்கை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்றுவரை இந்தத் துறையின் அடிப்படை அதுதான். அவர்கள் சொன்னதைச் சுருக்கினால்: அழைப்பு இரண்டு அச்சுகளில் இயங்குகிறது. ஒன்று அதிகாரம்; மேலிருப்பவர் 'நீ' என்பார், கீழிருப்பவர் 'நீங்கள்' என்பார். மற்றொன்று நெருக்கம், நெருங்கியவர்கள் பரஸ்பரம் 'நீ', அறிமுகமற்றவர்கள் பரஸ்பரம் 'நீங்கள்'. ஒரு சொல் இருபுறமும் போய்வருகிறதா, ஒருபுறம் மட்டும் போகிறதா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஒரு காலத்தில் கறுப்பர் 'சர்' சொல்ல வேண்டியிருந்தது. பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது, நரைத்த வயதிலும், 'பையா'. அலபாமாவில் 1963இல் மேரி ஹாமில்டன் என்ற உரிமைப் போராளியை அரசு வழக்கறிஞர் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட, 'மிஸ் ஹாமில்டன்' என்று அழைக்கும்வரை பதில் சொல்ல மாட்டேன் என்று அவர் நின்றார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறை, 50 டாலர் அபராதம். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

தமிழுக்கு 'ங்கள்' ஏற்கெனவே இருந்தது. வினைமுற்றிலும் பிரதிப்பெயரிலும் அவர், இவர், வந்தார், போனார் என்று மரியாதை நிரம்பி வழிகிற மொழி இது. பிறகு எதற்கு 'சார்'?

வினையில் மரியாதை இருந்தது. கூப்பிடும் சொல்லில்தான் சிக்கல். அறிமுகமில்லாத ஓர் ஆளைத் தமிழில் எப்படிக் கூப்பிடுவது? அண்ணே, தம்பி, மாமா, தாத்தா என்றால் வயதைக் கணிக்க வேண்டும், உறவு கொண்டாட வேண்டும். அண்ணாச்சி என்றால் ஊர் வந்துவிடும். பாய் என்றால் மதம். சாமி, எசமான், ஆண்டே என்றால் சொல்பவர் எந்தத் தெரு, கேட்பவர் எந்தத் தெரு என்பது தெரிந்துவிடும். பிள்ளைவாள், முதலியார்வாள், ஐயர்வாள் என்று சாதியையே அழைப்பாக்கிய காலமும் இருந்தது. 'ஐயா' பொதுச்சொல் என்று தோன்றும். ஆனால் கிராமத்தில் அது குனிந்து சொல்லப்பட்ட சொல். காவல் துறையில் இன்றும் கான்ஸ்டபிள் மேலதிகாரியை அழைக்கும் சொல். ஆங்கிலேயனுக்கு வைத்த 'துரை' தேயிலைத் தோட்டங்களில் பெரிய துரை, சின்ன துரை என்று பதவிப் பெயராகவே நிலைத்தது. மற்ற இடங்களில் 'துரைக்கு இப்பதான் விடிஞ்சுதா' என்று கேலியாகிப்போனது.

இப்படி எல்லா அழைப்பும் எதையாவது காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில்தான் 'சார்' வந்து நுழைந்தது. பள்ளிக்கூடம், கச்சேரி, ரயில், தபாலாபீஸ், பஸ் என்று பல சாதிக்காரரும் ஒன்றாக நிற்க வேண்டிய புது இடங்கள் உருவான காலம். அங்கே சாதி கேட்காத, வயது கேட்காத ஒரு சொல் தேவைப்பட்டது. கண்டக்டர் பயணியை 'சார், டிக்கெட்' என்கிறார். பயணி கண்டக்டரை 'சார், சில்லறை' என்கிறார். பிரவுனும் கில்மனும் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் படிக்கட்டாக இருந்தது தமிழில் சமதரையாகவும் ஆயிற்று. பிரிட்டனில் கடைக்காரர் வாடிக்கையாளரை 'சர்' என்பார். வாடிக்கையாளர் கடைக்காரரைத் திருப்பிச் 'சர்' என்பது அபூர்வம்.

வந்த சொல் தமிழ் இலக்கணத்தை முழுதாக உடுத்திக்கொண்டது. ஆங்கிலத்தில் 'சர்' பெயருக்குமுன் வரும். தமிழில் அண்ணன், ஐயா, வாத்தியார் போலப் பெயருக்குப்பின் போய் நின்றுகொண்டது. ராமன் சார், மூர்த்தி சார். வேற்றுமை உருபும் ஏற்றது: சாரை, சாரோட, சாருக்கு. 'சாருக்கு ஒரு காபி' என்று எதிரில் இருப்பவரையே படர்க்கையில் வைக்கும் ஓட்டல் மரியாதையும் உண்டு. பள்ளியில் அது தொழிலின் பெயராகவே மாறிவிட்டது: கணக்கு சார், தமிழ் சார், பி.டி. சார். தமிழ் ஆசிரியரைத் 'தமிழ் சார்' என்பதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. வாசலில் நின்று வீட்டம்மாவிடம் 'சார் இருக்காரா?' என்று கேட்டால் அது கணவர். சொல்லின் ஈற்றில் இருக்கும் 'ஆர்' நம் தாயார், நாயனார், பண்ணையார் என்பவற்றின் மரியாதை விகுதியோடு ஒத்துப்போனதும் அது இவ்வளவு சுலபமாகத் தமிழ்க் காதுக்குப் பழகியதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் 'சர்' என்ற குறில் வடிவம் ஏன் பேச்சில் எடுபடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இதில் மிக ருசியானது சென்னைப் பேச்சு. 'இன்னா சார் சொல்ற?', 'அட போ சார்', 'நீ வா சார், நான் பாத்துக்கறேன்'. அழைப்பில் மரியாதை, வினையில் ஒருமை. இலக்கண ஆசிரியர் பார்த்தால் வழு. ஆனால் சொல்பவருக்கு என்ன வேண்டும் என்று நன்றாகத் தெரியும்: நீ எனக்கு வேண்டியவன், ஆனாலும் உன்னைத் தாழ்த்தவில்லை. 'நீங்க போங்க சார்' என்றால் விலகல்; 'நீ போடா' என்றால் உரிமை; 'போ சார்' இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதிகாரத்தின் சொல்லை எடுத்து நெருக்கத்தின் சொல்லாக மாற்றிய இந்த வேலையை எனக்குத் தெரிந்து எந்த அகராதியும் பதிவு செய்யவில்லை.

இதனால் 'சார்' ஒரு சமத்துவச் சொல் என்று நான் முடிவு கட்டிவிடவில்லை. யாருக்கு அது கிடைக்கிறது என்பதைவிட, யாருக்குக் கிடைப்பதில்லை என்று பார்க்க வேண்டும். பெயின்டர், டிரைவர், டீக்கடை மாஸ்டர், கொத்தனார் ஆகியோரைத் தொழில் சொல்லிக் கூப்பிடுகிறோம். தெரு கூட்டுபவரை அதுகூடச் சொல்வதில்லை, 'ஏம்மா', 'இந்தாப்பா'. மேலதிகாரி 'சார்', கடைநிலை ஊழியர் பெயர். ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர் 'சார்' ஆகவும், தேர்தலில் வென்று வந்த தலித் தலைவர் பெயர் சொல்லி அழைக்கப்படுபவராகவும் இருக்கும் ஊர்கள் உண்டு. சொல் சாதி கேட்பதில்லை. சொல்லுகிற வாய் கேட்கிறது. பெண்கள் விஷயமும் இப்படித்தான். ஆசிரியர் ஆணானால் 'சார்'; பெண்ணானால் பேரன் பேத்தி எடுத்தபின்னும் 'மிஸ்'. பிரிட்டிஷ் பள்ளிகளிலும் இதே கதைதான், அங்கிருந்துதான் இங்கும் வந்தது.

சொல்லைச் சட்டத்தால் திருத்தும் முயற்சிகளும் நடக்காமலில்லை. 2006இல் இந்திய பார் கவுன்சில், 'மை லார்ட்' காலனியாதிக்கத்தின் மிச்சம் என்று சொல்லி, உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் 'யுவர் ஆனர்' போதும், கீழ் நீதிமன்றங்களில் 'சார்' அல்லது அந்தந்த மொழியில் அதற்கு ஈடான சொல் போதும் என்று விதி செய்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சந்துரு தன்னை 'மை லார்ட்' என்று அழைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் வக்கீல்களுக்குப் பழக்கம் விடவில்லை. தீர்ப்பு எழுதப்போகிறவரிடம் ஒரு சொல்லைக் குறைத்துப் பேசி வம்பை விலைக்கு வாங்குவானேன் என்ற கணக்கு. 2014இல் இதே பிரச்சினையைக் கொண்டுவந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படி அழைப்பது கட்டாயமில்லை, கண்ணியமாக அழைத்தால் சரி என்று சொல்லி முடித்துவிட்டது. 2021இல் ஒரு சட்ட மாணவர் 'யுவர் ஆனர்' என்று தொடங்கியபோது, அது அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ உரியது என்ற பொருளில் அன்றைய தலைமை நீதிபதி குறுக்கிட்டார். பார் கவுன்சில் விதி அப்போதும் ஏட்டில் இருந்தது.

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் கிராம ஊராட்சி 2021இல் இன்னும் துணிச்சலாக ஒன்றைச் செய்தது. ஊராட்சி அலுவலகத்துக்கு வரும் மக்கள் யாரையும் 'சார்', 'மேடம்' என்று அழைக்க வேண்டாம். பெயரையோ பதவியையோ சொன்னால் போதும். வயதில் மூத்தவரென்றால் சேட்டன், சேச்சி என்று சொல்லலாம். 2023இல் அதே மாநிலத்தின் குழந்தைகள் உரிமை ஆணையம், பள்ளிகளில் ஆண் பெண் வித்தியாசமின்றி எல்லாரையும் 'டீச்சர்' என்று அழைக்கச் சொன்னது. இரண்டாவது எளிதாக நடக்கக்கூடியது, ஏனென்றால் மாற்றுச்சொல் தயாராக இருக்கிறது. முதலாவதில்தான் கஷ்டம். சாதிச் சான்றிதழுக்காக நாலாவது தடவை வந்து நிற்பவர் கவுன்ட்டருக்கு அந்தப்புறம் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைக்கும் தைரியம் ஒரு தீர்மானத்தால் வந்துவிடாது. மாத்தூர்க்காரர்கள் அதையும் யோசித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. மறுக்கப்பட்டால் புகார் செய்யலாம் என்றார்கள். மனுவில் கெஞ்சும் சொற்களை எடுத்துவிட்டு, உரிமையாகக் கேட்கும் சொற்களை எழுதலாம் என்றார்கள். நம் மனுக்கள் இன்னும் 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கித் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிகின்றன. பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்தின் 'கீழ்ப்படிதலுள்ள மாணவன்' ஆங்கிலக் கம்பெனிக் கடிதங்களின் அடிவரியிலிருந்து நேராக இறங்கி வந்தவன்.

'சார்' இல்லாமல் அந்தக் கவுன்ட்டரில் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தமிழ்நாட்டில் யாராவது கேட்டால் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு விடை ஏற்கெனவே இருக்கிறது. 'ஏனுங்க' என்பார்கள். அதில் பெயரும் இல்லை, வயதும் இல்லை, ஆண் பெண் என்ற வித்தியாசமும் இல்லை. தாசில்தாரையும் அதில் கூப்பிடலாம், தக்காளி விற்பவரையும் கூப்பிடலாம். அவர்களும் திரும்ப 'சொல்லுங்க' என்றே பதில் தரலாம். அதே ஊரின் தோட்டத்துச் சாலையில் சிலருக்கு மட்டும் அந்த 'ங்க' இன்னும் போய்ச் சேரவில்லை என்பதையும் அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள்.